முரளி காலி செய்துவிட்டுப் போன அறை

என் பிரியமுள்ள நைனாவுக்கு,

வரதய்யபாளையத்தில் நம் வீட்டை ஒட்டி நீ கட்டின அறை இப்போது காலியாக இருக்கிறது. அதற்குக் கதவும் இல்லை. உடைத்தது நான்தான். தெருவில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். உனக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

நீ பூச்சு வேலையை முடித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதில் யார் குடிவந்தார்கள் என்பதைக்கூட நீ பார்க்கவில்லை. ஊர் முழுக்கக் கம்பெனி ஆட்களுக்கு அறை கட்டிக்கொடுத்த மேஸ்திரி, சொந்த அறையில் விளக்கு எரிவதைப் பார்க்காமல் போய்விட்டாயே என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுவாள்.

வந்தவன் பெயர் முரளி. வந்தவாசிப் பக்கம். கம்பெனியில் ஷிப்டு வேலை, ஒண்டிக்கட்டை, ஒரு பைக். முதலில் நல்லவனாகத்தான் இருந்தான். என்னை அக்கா என்பான், அம்மாவை அம்மா என்பான். போகப்போகச் சத்தம் கூடியது. வாசலில் பைக்கை நிறுத்த இடம் விடவில்லை என்று கேட்டை உதைப்பான். குழாயில் தண்ணீர் நின்றால் சுவரில் குத்துவான். தண்ணீர் மோட்டாரின் சுவிட்சு நம் சமையலறைக்குள் இருந்தது. நீ அங்கேதான் வைத்திருந்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் கோழி ஒன்று அவன் பைக் சீட்டில் ஏறி எச்சம் போட்டுவிட்டது. அவன் அதைப் பிடித்தான். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே அதன் கழுத்தைத் திருகினான். துவைக்கிற கல்மேல் வீசினான். அது கொஞ்ச நேரம் றெக்கையை அடித்துக்கொண்டே கிடந்தது.

“இன்னாப்பா இது, அது இன்னா பண்ணிச்சி உன்ன?” என்றாள் அம்மா.

“கட்டிப் போட்டு வளங்க. அடுத்தது உங்க கழுத்துதான்” என்று சிரித்தான்.

நான் போய்க் காலி செய்யச் சொன்னேன். அவன் கட்டிலை விட்டு எழக்கூட இல்லை. “முடியாது. இன்னா பண்ணுவ? உங்க வூட்ல ஆம்பள யாரு கீறா?”

நைனா, நீ போன பிறகு எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். நீ வேண்டும் என்று அழுதது அன்றைக்குத்தான். அதுவும் எதற்காக? நீ இருந்தால் அவன் பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்திருப்பாய் என்பதற்காக. உன் கோபம் வேண்டுமென்று அழுதேன். இந்த வீட்டில் அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டவர்கள் நானும் அம்மாவும்தான் என்பதை அந்த நேரத்தில் மறந்தே போனேன்.

கணக்குத் தீர்க்க இதை எழுதவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவனும் நீதான். ஆனால் நீ அறைந்ததிலிருந்து அம்மாவுக்கு இடது காது கேட்பதில்லை. அதை எழுதாமல் மேற்கொண்டு நடந்ததைச் சொல்ல முடியாது.

தங்கச்சி வீட்டுக்காரர் சூளூர்ப்பேட்டையிலிருந்து வந்து முரளியிடம் பேசினார். அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாய்த்துவிட்டான். அவர் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். “சூஸ்தாம்மா” என்று தெலுங்கில் சொன்னார்கள். பார்க்கிறோம் என்றவர்கள் பார்க்க வரவில்லை.

அன்றைக்கு மதியம் நான் தையல் கடையிலிருந்து சாப்பிட வந்துகொண்டிருந்தேன். முரளி பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்திருக்கிறான். தலையில் சோப்பு, குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் போடச் சொல்லிக் கத்தியிருக்கிறான். அம்மாவுக்கு எப்படிக் கேட்கும்? நல்ல காதை டிவி பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றே போடவில்லை என்று நினைத்துவிட்டான். ஈரத்துண்டோடு வந்து சமையலறைப் பின்கதவை உதைத்தான். தாழ்ப்பாள் தெறித்தது.

நான் கேட்டைத் திறக்கும்போதே வாசல் வழியாகச் சமையலறை வரைக்கும் தெரிந்தது. அம்மாவின் கொண்டை அவன் கையில் இருந்தது.

“கூப்புட்டா காதுல வுயாதா கெழவி?”

பின்வாசல் வழியாக அவளை வெளியே தள்ளினான். அவள் நெற்றி துவைக்கிற கல்லில் மோதியது. அந்தச் சத்தத்தை உனக்கு எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை. ரத்தம் உடனே வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் போர்வெல் போட்டபோது மிஞ்சின இரும்புப் பைப் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்தது எனக்கு ஞாபகம் இல்லை. அவன் தோளில் இறக்கியது ஞாபகம் இருக்கிறது. அவன் அலறிக்கொண்டு அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

அதோடு நின்றிருக்கலாம். அம்மா கீழே கிடந்தாள். அவளைத் தூக்கியிருக்க வேண்டும். நான் கதவை அடித்தேன். பலகை பிளந்து கை நுழைகிற அளவு ஓட்டை விழுந்தது. கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கினேன். கீல் பெயர்ந்து கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது.

முரளி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். சோப்பு இறங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. “வேணாங்க்கா. அக்கா, வேணாங்க்கா” என்று கையை உயர்த்தி மறைத்தான். அந்தக் கையில் அடித்தேன். முருங்கைக் கிளை ஒடிவதுபோல ஒடிந்தது. அவன் குப்புற விழுந்த பிறகு முதுகிலும் அடித்தேன். கோபத்தில் கண் தெரியவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பொய். எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் அடிக்கவேண்டும் போல இருந்தது.

அம்மா எப்படியோ எழுந்து வாசற்படியில் வந்து நின்றாள். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது.

“வுடுடி” என்றாள். “உங்க நைனா மாதிரியே நிக்கிற.”

அவள் திட்டவில்லை. பார்த்ததைச் சொன்னாள். பைப் என் கையிலிருந்து விழுந்தது.

உனக்கும் அப்படித்தான் இருந்ததா நைனா? அடித்து முடித்ததும் நீ வெளியே போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாயே, அப்போது உன்னை நீயே வெறுத்தாயா? இல்லை, என்னைப்போல உனக்கும் அது பிடித்திருந்ததா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

எதிர்வீட்டு நாகம்மா ஓடிவந்தாள். தெருவில் இருந்தது ஒரே ஒரு ஷேர் ஆட்டோ. இரண்டு பேரையும் அதிலேயே ஏற்றினாள். நடுவில் நான். ஒரு பக்கம் அம்மா என் துப்பட்டாவால் நெற்றியை அழுத்திக்கொண்டு வந்தாள். மறுபக்கம் முரளி துண்டோடு, ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தியவேடு போகிற வரைக்கும் அழுதுகொண்டே வந்தான். வழியில் அம்மா சொன்னாள்: “அவனுக்குக் கண்ணு எரிதாம். தண்ணி இருந்தா ஊத்துடி.” ஊற்றினேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. என் உயரத்தையும் அவன் உடம்பையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்மா, மீரே கொட்டாரா?” என்றார். நான்தான் அடித்தேன் என்றேன். “இத்தரிதீ தப்பே” என்று இரண்டு பேர்மேலும் தப்பைப் போட்டுவிட்டு, கேஸ் வேண்டுமா என்று முரளியைக் கேட்டார்.

ஊரிலிருந்து வந்திருந்த அவன் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் முரளியே சொன்னான்: “வேணாம் சார். அந்தம்மாவ நான்தான் தள்ளுனேன்.” அப்படிச் சொல்வான் என்று நான் நினைக்கவே இல்லை. நானும் வேண்டாம் என்றேன்.

அவன் அண்ணன் வண்டி கொண்டுவந்து சாமானை ஏற்றினான். முரளி இறங்கவில்லை. கையில் மாவுக்கட்டோடு வண்டியிலேயே இருந்தான். அறையில் விட்டிருந்த ஹெல்மெட்டைக் கொண்டுபோய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

“அம்மாவுக்குத் தையல் பிரிச்சிட்டாங்களா?” என்று கேட்டான்.

“இன்னும் இல்ல.”

மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி போய்விட்டது.

இப்போது தெருவில் எனக்கு மரியாதை கூடிப்போயிருக்கிறது. கடைக்கு வருகிற பெண்கள், “மேஸ்திரி பொண்ணுன்னா சும்மாவா” என்கிறார்கள். தங்கச்சி போனில், “நைனா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு” என்றாள். படுவாயா? எனக்கும் கொஞ்ச நாள் அது இனிப்பாகத்தான் இருந்தது.

போன வாரம் வரைக்கும் இருந்தது. அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேல் அலமாரியிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்க, அவள் தலைக்கு மேலாகக் கையை உயர்த்தினேன். அவள் சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டாள்.

நான் டப்பாவை எடுத்தேன். அவள் கரண்டியை எடுத்துக் கிளறினாள். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தோம். சாப்பிடும்போதுதான் கேட்டேன்.

“என்னப் பாத்தா பயமா கீதாம்மா?”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “உன்னப் பாத்து இல்லடி. மேல போற கைய பாத்து. தல தானா குனியிது, நான் இன்னா பண்ணுவேன்? நீ துன்னு.”

சாப்பிட்டு எழுந்ததும் பருப்பு டப்பாவைக் கீழ்த் தட்டில் இறக்கி வைத்தேன்.

நைனா, நீ நல்லவனா கெட்டவனா என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். நீ என் நைனா. உன்னை நினைக்காத நாள் இல்லை. அறைக்குப் புதுக்கதவு வரப்போகிறது, கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் சண்டைக்காரிகளாக இருந்தால் வாயால் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். இந்த வீட்டில் அம்மா இனி யார் கைக்கும் தலை குனிய வேண்டி வராது. குடியிருப்பவர்கள் கைக்கும் வராது, என் கைக்கும் வராது. இது நீ அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய வாக்கு. நீ கொடுக்கவில்லை. அதனால் நான் கொடுக்கிறேன்.

உன் மூத்த பெண்,
அமுதா