மயிலின் கால் மட்டும் கறுப்பாக இருப்பது ஏன்

என் அன்புத் தம்பி சோமு,

உன் மயில் கோயில் சுவரில் ஏறிவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். நம் தீவுக்குச் சுதந்திரம் வந்து கொடி மாறியதும், சென்ட்ர் டி ஃப்ளாக் கடைத்தெருவில் சனம் ஆடியதும் அப்புறம்தான்.

நீ செதுக்கி, ஒரு முறை சுட்டு வைத்துவிட்டுப் போன கடைசி மண்பலகை அது. கறை பூசுவது எப்போதும் என் வேலைதானே? கறுப்புப் பொடியைத் தண்ணீரில் கரைத்து முழுக்கப் பூசி, ஈரப் பஞ்சால் மேட்டை மட்டும் துடைத்தால், பள்ளத்தில் கறை நிற்கும். இறகு இறகாகத் தெரியும். பிறகு மறுபடி சூளை. இருபது வருஷம் இதைச் செய்த கை, உன் மயில்மேல் பூசியதோடு நின்றுபோயிற்று. துடைத்துக் கெடுத்துவிட்டால், இன்னொன்று செதுக்க நீ இல்லையே.

நீயும்தான் என்றைக்கு ஒழுங்காகத் துடைக்க விட்டாய்? பஞ்சை எடுத்தாலே, "லெஸ் லி, அக்கா! விட்டுடு, போதும். தொடச்சுத் தொடச்சே என் வேலைய வெளுக்கிற" என்று கையைப் பிடிப்பாய். ஒரு மூலையையாவது கறுப்பாக விடவைத்துவிட்டுத்தான் நகர்வாய். எத்தனை சண்டை! இந்த முறை உன் பேச்சைக் கேட்டு அப்படியே விட்டேன்.

கோயில் தலைவர் வந்து பார்த்தார். "அயோ, கி ஸா? என்னம்மா இது, அடுப்புச் சட்டி மாதிரி? மயில் எங்க? காவடிக்குள்ள சரி பண்ணு, இல்லாட்டி பெயிண்ட் அடிச்சிடுவோம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு ஒரு வாய் தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

காவடி விரதம் தொடங்கிய அன்று விறகுக்குச் சொல்லிவிட்டு வர வெளியே போனேன். திரும்பி வந்தால், உன் பெண்டாட்டி பார்வதி ஈரத்தலையோடு நிற்கிறாள். மயில்மேல் பால் வழிகிறது. கையில் உன் துண்டு. சூளைக்குப் போகாத கறை, விரல் பட்டாலே போய்விடும்! "அடிப்பாவி, என்னடி பண்ணின?" என்று கத்தினேன்.

"முருகனோட மயில் அக்கா. அபிஷேகம் பண்ணாம எப்படிக் கோயிலுக்கு அனுப்புறது? பால ஊத்தி மெதுவாத் தொடச்சேன். அவருக்கு முடியாம இருந்தப்ப முகம் தொடச்சு விடுவேனே, அப்படித்தான்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். அத்தனை இறகும் எழுந்து நிற்கிறது, சோமு. நான் துடைத்திருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம்.

அழுது முடித்துப் பார்த்தால், மயிலின் இடது காலுக்குக் குறுக்கே ஒரு கறுத்த கோடு. கத்தி சறுக்கிய கோடு. முழுக்கக் கறுப்பாக இருந்தவரை தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே போய், வீட்டிலிருந்த நம் பழைய பலகைகளில் நீ துடைக்க விடாத கறுப்பு மூலைகளை எல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கீறல்! அடக் கள்ளா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அக்காவிடம் என்னடா வெட்கம்?

அந்தக் கால்மேல் மட்டும் மறுபடி கறை பூசி, துடைக்காமல் சூளையில் வைத்தேன். "கால் மட்டும் ஏன் இப்படி?" என்று தலைவர் கேட்டார். "மழையில ஆடின மயில், கால்ல சேறு" என்றேன். நம்பிவிட்டார். கோயில் விழா மலருக்கு இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப் போகிறேன்; அச்சில் வந்தால் குட்டு உடைந்துவிடும். உடையட்டும். போய் உற்றுப் பார்த்தாலும் கோடு யார் கண்ணுக்கும் தெரியாது.

சுவர் கழுவ வருகிறவர்கள் அழுக்கென்று நினைத்து அந்தக் காலைத்தான் முதலில் தேய்க்கப் போகிறார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை பக்கத்தில் நின்று, கையைப் பிடித்து, நீ சொன்னதையே சொல்வேன்: லெஸ் லி.

கடைசியில் உன் பேச்சைக் கேட்ட அக்கா,
ருக்மணி