எட்டு போல்ட்டும் இருக்கிற மோட்டார்

திருவொற்றியூர்
சனிக்கிழமை காலை

என் கண்ணு ஜெரினாவுக்கு,

அம்மா பிலோமி எழுதுவது. அந்தோணியார் புண்ணியத்தில் எனக்கும் நம் பழைய மோட்டார் குடோனுக்கும் இங்கே ஒரு குறையுமில்லை. உனக்கும் எதுவும் வந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடிதம் இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாய். லாரி டிரைவர் டெரிக்கிடம் கொடுத்தால் உன் மேனேஜர் கைக்குப் போய்விடும். நான் அனுப்புகிற மோட்டாரின் டெர்மினல் பெட்டியை வயர் மாட்டத் திறக்கப்போகிறவள் நீதான். அதனால் உள்ளே வைத்தேன். மூடுவதற்கு முன்னால் மறக்காமல் வெளியே எடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காக்கிநாடாவில் பெரிய எண்ணெய் ஆலை, என் மகள்தான் அங்கே மோட்டார் எல்லாம் பார்க்கிறாள் என்று ராயபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். நீயோ, பம்ப் மோட்டார் சூடேறி அடிக்கடி நின்றுவிடுகிறது, பட்டனை அழுத்தி மறுபடி ஓட்டுகிறோம், சீக்கிரம் நிற்காமலிருக்க மேனேஜர் ரிலேயின் அளவை ஏற்றி வைத்துவிட்டார், பெட்டி மூடியில் எட்டு போல்ட்டுக்கு ஆறுதான் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். உன் குரலுக்கு அடியில் அந்த மோட்டார் உறுமியது எனக்குக் கேட்டது. அது பேரிங் போன சத்தம். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்க நீங்கள் ஊற்றுவது பெட்ரோல் மாதிரி ஆவியாகிற சரக்கு. அங்கே நின்று போன் பேசினாயே, அதற்கே உன்னை நாலு சாத்து சாத்த வேண்டும்.

போன வருஷம் மணலிப் பக்கமிருந்து கரிந்துபோன மோட்டார் ஒன்று எடைக்கு வந்தது. உன் ஆலையில் இருக்கிற அதே வகை. மூடி முழுசாக இறுகியிருந்தால் உள்ளே பறக்கிற பொறி உள்ளேயே அணைந்துவிடும். அதன் மூடியில் இரண்டு ஓட்டை காலி. பக்கத்தில் யாராவது நின்றார்களா என்று கொண்டுவந்தவரிடம் கேட்டேன். எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உன் மேனேஜரிடம் நானே பேசிவிட்டேன். அம்மா என்று சொல்லவில்லை. மோட்டார் வியாபாரி, சும்மா ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் விலை பேசலாம் என்றேன். மோட்டாரை மாற்றச் சீசன் முடியட்டும் என்று உன்னிடம் சொன்ன மனுஷன், சும்மா என்றதும் திங்கட்கிழமையே ஆலையை நிறுத்துகிறேன் என்றார். ஒரே நிபந்தனைதான் போட்டேன். பழைய மோட்டார் அதே லாரியில் எனக்கு வர வேண்டும். அங்கேயே கிடந்தால் அதை இன்னொரு பம்பில் மாட்டி, உன்னையே பக்கத்தில் நிறுத்துவார்.

நம் குடோன் மெக்கானிக் துரைக்குத்தான் தாங்கவில்லை. "இன்னாக்கா, எவனாச்சும் ஒரு பேரிங் கடன் கேட்டாலே மூஞ்சிய திருப்பிக்குவ. இப்ப மோட்டாரையே சும்மா ஏத்தி அனுப்பினு கீற" என்றான். விஷயத்தைச் சொன்னேன். "நம்ம பாப்பா பக்கத்துல நிக்கப்போறதா? முன்னயே சொல்றதுக்கு இன்னா" என்று திட்டிவிட்டு, கிரீஸ் மாற்றி, மெக்கர் மீட்டர் வைத்துக் காயிலில் கரண்ட் கசிகிறதா என்று சோதித்து, ஏற்கெனவே முறுக்கியிருந்த எட்டு போல்ட்டையும் கழற்றித் துடைத்து மறுபடி முறுக்கினான்.

துணியில் சுற்றி ஒரு பூட்டும் வைத்திருக்கிறேன். வயரைத் தொடுவதற்கு முன் பேனலை அணைத்து, யாரும் கரண்டைப் போட முடியாதபடி அதில் மாட்டு. சாவி உன் பையில்தான் இருக்க வேண்டும். மேனேஜரே கேட்டாலும் கொடுக்காதே. கப்ளிங் மாட்டிப் பம்போடு சேர்க்கும் முன்பே சுற்றுகிற திசையைப் பார்த்துவிடு. ரிலேயை மோட்டார் தகட்டில் போட்டிருக்கிற ஆம்பியருக்கு இறக்கு.

இதற்கும் ஆறு போல்ட் போதும், ரிலேயை ஏற்று என்று அவர் ஆரம்பித்தால் நீ வாதாட வேண்டாம். பேனலில் போட்ட பூட்டைக்கூடக் கழற்றாதே. டெரிக் வாசலில் நிற்பான். திரும்பும்போது யாரையும் ஏற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். அவன் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். ஏறி உட்கார்ந்துவிடு. மோட்டார் அங்கேயே கிடக்கட்டும், எனக்கு வேறு மோட்டார் இருக்கிறது.

நல்லபடியாக ஓடினால் போன் செய். எப்படி ஓடுகிறது என்று என் காதால் கேட்க ஆசைதான். வேண்டாம். வாசலைத் தாண்டி, சாலைக்கு வந்து, மோட்டார் சத்தமே கேட்காத இடமாகப் பார்த்து நின்று பேசு. எனக்கு உன் குரல் மட்டும் கேட்டால் போதும்.

அந்தோணியார் உன் கூடவே நிற்கட்டும்.

உன் அம்மா
பிலோமி