ஹோட்டல் திருப்பி அனுப்பிய படம்

துபாயில் நம் தேரா வீட்டைக் காலி செய்கிறேன். அலமாரிக்குப் பின்னால் பழைய துணியில் சுற்றி வைத்திருந்த படத்தை இன்று எடுத்தேன். சட்டத்தில் வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. சரியாக எழுத வருமா, தெரியவில்லை.

அல் கூஸ் கிடங்கில் ஹோட்டல்களுக்குப் போகும் படங்களைச் சரிபார்ப்பது என் வேலை: எண், அளவு, கண்ணாடி. நூறு வருடங்களுக்கு முந்தைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் நகல் இது. வெள்ளை உடையில், மார்பின் மேல் வெள்ளைப் பூக்களோடு ஒருத்தி படுத்திருக்கிறாள். அவள் பிணம் என்று ஹோட்டலில் தங்கிய யாரோ சொல்லிவிட, படம் திரும்பி வந்துவிட்டது. எங்கள் கீழக்கரை சூப்பர்வைசர் சிரித்தார்.

"மையித்தைக் கட்டிலுக்கு மேல மாட்டுனா எவன்யா தூங்குவான்? கலாஸ், கதை முடிஞ்சுது, நீங்களே வீட்டுக்குக் கொண்டு போங்க சார்."

கொண்டுவந்தேன். படித்தவன் அல்லவா, உனக்கு விளக்கமும் சொன்னேன். அந்தக் காலத்துக் கவிஞர்களும் ஓவியர்களும் சாகக் கிடக்கும் பெண்ணைத்தான் பேரழகி என்று கொண்டாடினார்கள். காசநோயில் மெலிந்த கழுத்து, காய்ச்சலில் சிவந்த கன்னம், மினுங்கும் கண்கள். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாய்:

"ஏங்க, வரைஞ்ச ஆளு அவளுக்கு ஒரு வாய் ரசஞ்சோறு குடுத்திருக்கலாம்ல?"

அந்தக் குளிர்காலத்தில்தான் உனக்கு இருமல் வந்தது. மாலையானால் காய்ச்சல். இங்கே எக்ஸ்ரே எடுத்து நெஞ்சில் ஏதாவது தெரிந்தால், விசாவை ரத்து செய்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். "லீவுல ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்றேன். காலண்டரில் அந்தத் தேதிக்கு வட்டம் போட்டு, தினமும் ஒரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். நீ மெலிந்தாய். கன்னத்தில் நிறம் ஏறியது. ஒருநாள் ஜன்னலோரம் நீ நின்றபோது, "இப்பத்தான் ரொம்ப அழகா இருக்கே" என்று சொன்னேன். ஆறுதலுக்குச் சொன்னதில்லை. நிஜமாகவே எனக்கு அப்படித்தான் பட்டது.

"அந்தப் படத்துக்காரி மாதிரியா?" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

ஊரில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்கும்" என்றார். அந்த ஓவியர்களின் காலத்தில் மருந்து கிடையாது. நமக்கு இருந்தது.

நீ போய் இத்தனை வருடமாகியும் படத்தை எறியவும் முடியவில்லை, பெட்டியில் வைக்கவும் முடியவில்லை. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். நேற்று சென்னையிலிருந்து நம் மகள் பேத்தியின் போட்டோவை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். "அழகா இருக்கால்லப்பா?"

"ஒழுங்கா சாப்பிடுறாளா? இருமல் ஏதும் இல்லையே?" என்று கேட்டேன்.

"எப்பவும் இதேதானா? வேற எதுவும் கேக்கத் தெரியாதாப்பா உங்களுக்கு?"

தெரியவில்லை.