பாட்டின் பாதியில் தூங்கியவர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நீ பதறக்கூடாது என்பதற்காகச் சொல்லும் நலம் இல்லை, நிஜமாகவே நலம்தான். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு நிற்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கவேண்டும், எங்களுக்கு வேறென்ன வேண்டும். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய், போனில் நீ ஒன்று குறுக்கே பேசுவாய் இல்லையென்றால் அழுவாய், இரண்டையும் சமாளிக்க எனக்குத் தெம்பில்லை, அதனால் பேனாவை எடுத்தேன்.

குட்டி தூங்கமாட்டேன் என்கிறாள், அத்தை எனக்குப் பாடின பாட்டு முழுசா வேணும்ப்பா, எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு என்று போன வாரம் கேட்டாய் இல்லையா. ஞாயிற்றுக்கிழமை உன் அத்தையின் அறையை ஒழிக்க எல்லோரும் வந்திருந்தார்கள். ஒழித்தது எங்கே, அலமாரியைத் திறந்ததும் அவள் தைத்த பொம்மைகள் வந்து விழுந்தன, அவ்வளவுதான், ஆளாளுக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். உன் இரண்டு தும்பிக்கை யானையும் இருந்தது. எதுக்கு ரெண்டு என்று நீ கேட்டதற்கு, ஒண்ணுல சளி புடிச்சா மாத்திக்க வேணாமா என்றாளே, அதே யானை. பகலெல்லாம் தையல்கடையில் பள்ளிக்கூடச் சீருடைக்குத் துணி வெட்டிவிட்டு வருவாள், ஒரே நீலம் ஒரே வெள்ளை, கண்ணே மரத்துப்போகுது என்பாள், வீட்டுக்கு வந்து மிச்சத் துணியில் உலகத்தில் இல்லாத மிருகத்தையெல்லாம் செய்வாள். எங்கள் அம்மா போன பிறகு அக்காதான் என்னையும் உன் சித்தப்பாவையும் வளர்த்தாள், பிறகு உங்களையும் வளர்த்தாள். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்கணும் என்று சொல்லி, பிள்ளைக்கு ஒன்றாகப் பாட்டு கட்டி வைத்திருந்தாள்.

சரி, உன் பாட்டைக் கேட்போம் என்று ஆரம்பித்தேன். மூக்கு மேல கோவக்காரி மூலையில போய் ஒளிஞ்சுக்கிட்டா, சாப்பாட்டைத் தள்ளி வெச்சுட்டு சாமானையெல்லாம் உருட்டிவிட்டா, அதுவரைதான் எனக்கும் தெரியும். உங்க பாட்டாவது தெரியுமா என்று உன் அம்மா குத்தினாள். சட்டைப் பித்தானை முழுங்கிட்டு சாதுபோல நின்னாண்டி என்று எடுத்தேன், நின்றுவிட்டேன். உன் சித்தப்பாவும் தன் பாட்டில் பாதியில் நின்றான். அப்போதுதான் உறைத்தது, பாட்டு முடிவதற்குள் அவரவர் தூங்கியிருக்கிறோம், தன் பாட்டின் முடிவு தனக்கே தெரியாத குடும்பம் நம்முடையது. ஆனால் பக்கத்துப் பாயில் விழித்துக் கிடந்தவனுக்குத் தெரியுமே. என் பாட்டை உன் சித்தப்பா தலைசொறிந்தபடி முடித்தான், எத்தனை பித்தான் முழுங்கினாலும் எங்க வீட்டுத் தங்கம்தான், எட்டூரு சேர்ந்து கேட்டாலும் இவனைக் கொடுக்கமாட்டேன்தான். முன்பாதி முழுக்க அன்றைக்குச் செய்த சேட்டை, பின்பாதி முழுக்கக் கொஞ்சல். திட்டை மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறோம். இந்த வயதில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

உன் பாட்டுக்கு வருகிறேன். உன் பக்கத்தில் படுத்தவன் உன் அண்ணன்தான். பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான், கேட்டால், தெரியும்ப்பா, ஆனா உங்ககிட்ட சொல்லமாட்டேன், அவளே கேக்கட்டும் என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது, அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. அத்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று உன்னிடம் சொல்லிவிட்டான், கடைசியாக ஒரு வார்த்தை பேசவிடாமல் செய்துவிட்டான் என்றுதானே இத்தனை மாதமாக நீ அவனோடு பேசுவதில்லை. உன் கோபம் நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லச் சொன்னது உன் அத்தைதான். நான் கட்டில் அருகில்தான் நின்றேன். நிறைமாசமா இருக்கா, அவளால பிளேன் ஏற முடியாது, அங்க தனியா உக்காந்து அழுவா, புள்ள பொறக்கட்டும், அதுவரைக்கும் வாயத் தொறக்காதே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவனும் வாய் திறக்கவில்லை, குட்டி பிறந்த பிறகு சொல்ல நினைத்தபோது நீ போனை எடுக்கவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை, பழியை அத்தைமேல போடணுமாப்பா என்றான். இப்போது அவனைக் கேட்காமல்தான் எழுதுகிறேன், வைதால் வைதுகொள்ளட்டும். நீரடித்து நீர் விலகுமா.

லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கும்போது போனை மேலே வைத்துவிட்டுப் போகிறவன் அவன். இப்போது சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு இறங்குகிறானாம், மருமகள் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்குச் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டே உன் பாட்டை மெல்லப் பாடிக்கொண்டிருந்தான், நான் கதவோரம் நின்று கடைசிவரை கேட்டுவிட்டேன். உன்னைப் பற்றி அத்தை என்ன நினைத்திருந்தாள் என்று எனக்கு இப்போது தெரியும். நானும் சொல்லமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, குட்டி தூங்கும்போது நீயும் தூங்கு, துணி மடிப்பதெல்லாம் பிறகு ஆகட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழவேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே, அண்ணன் பாடும்போது இந்தத் தடவையாவது பாதியில் தூங்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா