‘மார்ச் மாத ஜன்னல்’: இரண்டாவது சரணம்

ஜூன் 2, சனி

காலையில் மூன்று பல் பிடுங்கல், கட்டுப்பல் கழன்ற ஒரு பாட்டி, ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த போலீஸ்காரர். இவர்கள் எல்லாரையும் வரிசையில் உட்காரவைத்து, பெயர் எழுதி, சமாதானம் சொல்லிவிட்டு, நாலு மணிக்கு அதே நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுச் சங்கக் கூட்டம் நடத்துவது என் ஒருத்தியால்தான் முடியும். டாக்டர் அம்மா நல்ல மனுஷி. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கிளினிக் சாவியை என்னிடம் கொடுத்துவிடுகிறார்.

இலோயிலோ நகர பெத்–மார்லோ ரசிகர் சங்கம். உறுப்பினர் ஒன்பது பேர், இன்றோடு பத்து. தலைவி நான், பதினான்கு வருஷமாக. அந்த இருவரும் சேர்ந்து பாடியது மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பாட்டு. எது எந்த இசைத்தட்டில், எந்தப் பக்கத்தில், எத்தனையாவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தலைவிக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எதற்கு அந்தப் பதவி?

புதிதாகச் சேர்ந்தவர் பெயர் தியோடுல்ஃபோ. முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். எல்லாரும் ‘சீஃப்’ என்றே கூப்பிடுகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன இசைத்தட்டின் உறையை எடுத்தார். ஜப்பானில், கோபே துறைமுகத்துக் கடையில் வாங்கியதாம். பின்பக்கத்துப் பாட்டின் பெயர் ‘மார்ச் மாத ஜன்னல்’.

நூற்றுப் பதின்மூன்றாவது பாட்டு! எனக்குக் காது அடைத்தது.

“உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். நான்தான் லேட்டு” என்றார் பணிவாக. வீட்டு ரெக்கார்டு பிளேயரின் ஊசி உடைந்துவிட்டதாம், மணிலாவில் சொல்லியிருக்கிறாராம், அதனால் உறையை மட்டும் கொண்டுவந்தாராம்.

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் தானாகத் திறந்தது. “தெரியாமலா? எண்பத்தொண்ணுலயே எங்ககிட்ட மணிலா பதிவு இருந்துச்சே. டெலியா காலேஜ்ல அதைத்தானே பாடுவா!”

டெலியா என் பள்ளிக்கூடத் தோழி. சங்கத்தை என்னோடு சேர்ந்து தொடங்கியவள், தேவாலயப் பாடகி. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டு, “ரெண்டாவது சரணம் வந்தா நான் அழுதுருவேன்” என்றாள். அதுதான் டெலியா. நாற்பது வருஷமாக என் பொய்களுக்கு முட்டுக் கொடுப்பவள்.

“ரெண்டாவது சரணமா…” என்று சீஃப் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அசந்துபோய்விட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

ஜூன் 3, ஞாயிறு

தெருவே துணி துவைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லா வீட்டு ரேடியோவிலும் பெத்–மார்லோதான். எதிலும் ‘மார்ச் மாத ஜன்னல்’ இல்லை. இணையத்தில் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. ஒரு ஜப்பானியப் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது. பாட்டு இல்லை.

ஜூன் 10, ஞாயிறு

பழைய பாட்டு நிகழ்ச்சிக்காரருக்கு ரேடியோ நிலையத்துக்கே போன் போட்டேன். “ஓ, அந்தப் பாட்டா! அருமையான பாட்டாச்சே! இப்ப கைவசம் இல்லக்கா” என்றார். குரலை வைத்தே தெரிந்துவிட்டது. என் ஜாதிதான் அவரும்.

ஜூலை 7, சனி

வினை முற்றிவிட்டது.

செப்டம்பர் முதல் தேதி சங்கத்தின் இருபதாம் ஆண்டு விழா. செயலாளர் ஹெர்மினியோ எழுந்தார். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். யாராவது தும்மினால்கூடக் குறிப்பேட்டில் எழுதுவார். “விழாவில் டெலியா அவர்கள் ‘மார்ச் மாத ஜன்னல்’ பாட வேண்டும் என்று முன்மொழிகிறேன்” என்றார். கைதட்டல். எல்லாரையும்விட பலமாகத் தட்டியது சீஃப். எழுந்து நின்று தட்டினார் மனிதர்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. ஒஃபேலியா அந்தப் பாட்டைத் தன் கல்யாணத்தில் போட்டதாகச் சொன்னாள். அவள் புருஷன், அந்த மழை வரி வரும்போது மயிர்க்கூச்செறியும் என்றார். ஹெர்மினியோ, “கடல் அலை மாதிரி எழும்பும் பாருங்க, அந்தக் கடைசி வரி…” என்று கண்ணை மூடிக்கொண்டார். அட, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! எனக்கு மட்டும்தான் தெரியவில்லை!

மேஜைக்கு அடியில் டெலியா என் தொடையைக் கிள்ளினாள். இப்போதும் நீலமாக இருக்கிறது.

ஜூலை 8, ஞாயிறு

பூசை முடிந்து தேவாலய வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“பாட்டு எங்கடி?”

“தேடிக்கிட்டிருக்கேன்.”

“ஒரு மாசமா தேடுற! பொய் சொன்னது நீ, மேடையேறி அசடு வழியறது நானா? மத்த எட்டுப் பேருக்கும் வரிக்கு வரி தெரியும். ஒரு வார்த்தை தப்பாச்சுன்னா என் மானம் போயிடும். இந்த ஊர்ல என்கிட்ட இருக்கறது இந்தக் குரல் ஒண்ணுதான்டி மிண்டா.”

“ரெண்டாவது சரணம்னு நீதானே இழுத்துவிட்ட?”

சொல்லியிருக்கக் கூடாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே நான்! அவள் முகம் சிவந்தது. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். மழைகூட இல்லை.

ஜூலை 15, ஞாயிறு

டெலியா போன் எடுக்கவில்லை.

ஜூலை 22, ஞாயிறு

எடுக்கவில்லை. பூசையில் என் பக்கத்து இடத்தை விட்டுவிட்டு, மூன்று வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டு முழுப் பூசையும் போனது. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

ஆகஸ்ட் 4, சனி

இருபது வருஷத்தில் முதல்முறையாக டெலியா கூட்டத்துக்கு வரவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லியனுப்பினாளாம், அதுவும் என்னிடம் இல்லை, ஒஃபேலியாவிடம்.

சீஃப் அவளுக்கென்று இஞ்சிக் கஷாயம் போட்டு, ஃபிளாஸ்கில் ஊற்றி, இரண்டு ஜீப்னி வண்டி மாறிக் கொண்டுவந்திருந்தார். “தொண்டை பத்திரம் மேடம், விழாவுக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கு” என்றார் என்னிடம். ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி வந்துவிட்டதாம். “ஒருநாள் வீட்டுக்கு வாங்க. என்னோடதைக் கேளுங்க. உங்க மணிலா பதிவு வேற மாதிரி இருக்கும்னு நினைக்கிறேன்.”

ஃபிளாஸ்கை நானே வீட்டுக்கு எடுத்துவந்து குடித்தேன். வேறு என்ன செய்ய?

ஆனால் ஒரு யோசனை. ஒரே ஒரு முறை கேட்டால் போதும், நான் எழுதிக்கொள்வேன். டெலியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மன்னித்துவிடுவாள். விழாவும் நடந்துவிடும்.

ஆகஸ்ட் 11, சனி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மதியம் அரெவாலோவில் சீஃப் வீடு. கைப்பைக்குள் நோட்டும் இரண்டு பேனாவும். ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. சுவரில் அவர் மனைவி இசிங்கின் படம், போன வருஷம் தவறியவர். சீஃப் சட்டையில் துடைத்துத் தட்டை வைத்தார். ஊசி இறங்கியது.

மார்லோவின் கிட்டார். அப்புறம் பெத்தின் குரல். வார்த்தை வரும், வரும் என்று பேனாவோடு காத்திருந்தேன். ம்ம்ம் என்கிறாள். லலலா என்கிறாள். மறுபடி ம்ம்ம். இரண்டு நிமிஷம் நாற்பது நொடி. முடிந்துவிட்டது.

வார்த்தையே இல்லை.

பல்லவி இல்லை, மழை வரி இல்லை, அலை மாதிரி எழும்பும் கடைசி வரி இல்லை. இரண்டாவது சரணம் இல்லவே இல்லை!

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாசமாக இல்லாத வார்த்தையைத் தேடி நான் அலைந்திருக்கிறேன்! சிரிக்க வாய் திறந்தபோதுதான் அவர் பேசினார்.

“இசிங் இதை இருபத்தஞ்சு வருஷம் கேட்டா மேடம். நான் கப்பல்ல போனதும் எடுத்துப் போட்டுப்பா. ‘இதுக்கு வார்த்தை எங்கயோ இருக்கு, என் காதுல விழாமலே போயிருவேன் போல’ன்னு சொல்லிட்டே இருப்பா. அன்னிக்கு டெலியா மேடம் ரெண்டாவது சரணம்னு சொன்னாங்க பாருங்க… நேரா கல்லறைக்குப் போய் அவகிட்ட சொன்னேன். இருக்குதாம்டி, மணிலா பதிவுல இருக்குதாம், செப்டம்பர்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்னு.”

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“சீஃப், நான் பொய் சொன்னேன்” என்றேன். “மணிலா பதிவெல்லாம் கிடையாது. இந்தப் பாட்டை இன்னிக்குத்தான் முதல்தடவையா கேக்கறேன்.”

“டெலியா மேடம்?”

“எனக்காகச் சொன்னா.”

“ஒஃபேலியா மேடம் கல்யாணத்துல போட்டதா…”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தட்டை எடுத்து, உறையில் போட்டு, உறையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை அலமாரியில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. “பிபிங்கா வாங்கி வச்சிருக்கேன். ஆறிடப்போகுது, சாப்பிட்டுப் போங்க” என்றார். எதிரில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், அழுதுகொண்டே, முழு அப்பத்தையும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பேன்?

ஐயோ, நான் என்ன பொம்பளை!

ஆகஸ்ட் 12, ஞாயிறு

டெலியா வீடு. கதவைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நான்தான் தப்பு. ரெண்டாவது சரணத்தை உன் தலையில கட்டினதும் தப்பு” என்றேன். அசையவில்லை. “அந்தப் பாட்டுல வார்த்தையே இல்லடி.”

“என்னது?”

“லலலா. அவ்ளோதான்.”

டெலியா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஒஃபேலியா புருஷனுக்கு… மழை வரில… மயிர்க்கூச்சு!” மூச்சு வாங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு இசிங் கதையைச் சொன்னேன். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது. இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதோம். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுக்காரி யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள்.

“சரணம்னு சொன்னது என் வாய்தானே” என்றாள் டெலியா கடைசியில். “நீ மட்டும் சுமக்காத.”

ஆகஸ்ட் 18, சனி

அவசரக் கூட்டம். சீஃப் வரவில்லை. மற்ற எல்லாரும் வந்தார்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பதவியையும் விட்டுவிடுகிறேன் என்றேன்.

சுவரில் பெரிய சொத்தைப்பல் படம் மட்டும் எங்களைப் பார்த்து இளித்தது. ஹெர்மினியோ குறிப்பேட்டைப் புரட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “ஜூலை ஏழு. ‘என் கல்யாணத்தில் போட்ட பாட்டு.’ சொன்னது, திருமதி ஒஃபேலியா. ‘மழை வரியில் மயிர்க்கூச்செறியும்.’ சொன்னது, அவர் கணவர்.” வரிசையாக வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு தலையாகக் கவிழ்ந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். மீசையைத் தடவினார். “‘கடல் அலை மாதிரி எழும்பும்.’ சொன்னது… ஹெர்மினியோ. செயலாளர்.”

“எழுதாம விட்டிருக்கலாமே அண்ணே” என்றாள் டெலியா.

“சொன்னா எழுதித்தானே ஆகணும்!” என்றார் பரிதாபமாக.

பதவி விலகல் ஏற்கப்பட்டது. ‘வேண்டாம் மிண்டா’ என்று ஒருவராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, சனி

சீஃப் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

செப்டம்பர் 1, சனி

விழாவை ரத்து செய்தோம். அதற்குப் பதில் ஒன்பது பேரும் ஒரே ஜீப்னியில் ஏறி அரெவாலோவுக்குப் போனோம். மடியில் பான்சிட் நூடுல்ஸ் சட்டி, வறுத்த கோழி, ஒஃபேலியாவின் தேங்காய் இனிப்பு. பான்சிட்டை நேராகப் பிடிப்பதற்குள் என் உயிர் போய்விட்டது.

ஒன்பது பேர் சாப்பாட்டோடு வாசலில் நிற்கும்போது எப்படித் திறக்காமல் இருப்பார்? எங்கள் ஊரில் அந்தத் தைரியம் யாருக்கும் கிடையாது.

“சீஃப், எங்க யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாது” என்றாள் டெலியா. “போட்டுக் காட்டுவீங்களா?”

கதவை முழுசாகத் திறந்து வழிவிட்டார். பிறகு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

நான் இரண்டாவது தடவை கேட்டேன், மற்றவர்கள் முதல் தடவை. முடிந்ததும் யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் சங்கத்தில்! ஒரு பாட்டு முடிந்து, ஒருவரும் கருத்துச் சொல்லாமல்! மறுபடி போட்டார். பாதியில் டெலியா பெத்தோடு சேர்ந்து ம்ம்ம் என்றாள், இசிங்கின் படத்தைப் பார்த்தபடி. மேடையில் அவள் இப்படிப் பாடி நான் கேட்டதில்லை. சீஃப் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும்தான்.

சாப்பிடும்போது அவர் ஒரு உண்மை சொன்னார். “அன்னிக்கு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு சொன்னேன் இல்ல? யாருக்கும் தெரிஞ்சிருக்கக் கூடாது கடவுளேன்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன் மேடம்.”

“அடப்பாவி மனுஷா!” என்றேன். எந்த ஆண்டு விழாவிலும் இவ்வளவு சிரித்ததே இல்லை.

அக்டோபர் 6, சனி

டெலியா தலைவியாகி முதல் கூட்டம். என்னைவிட நன்றாகத்தான் நடத்துகிறாள். எரிச்சலாக இருக்கிறது.

சீஃப் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார், ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு. பழைய பெட்டியைக் குடைந்தபோது இன்னொரு அபூர்வமான தட்டு கிடைத்ததாம். முகமெல்லாம் பூரிப்பு. உறையைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆறாவது தொகுப்பு, இரண்டாம் பக்கம், முதல் பாட்டு. வரிக்கு வரி மனப்பாடம். டெலியாவுக்கும்தான். எத்தனை வருஷம் சேர்ந்து பாடியிருக்கிறோம்!

“இது தெரியுமா மேடம்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஹெர்மினியோ பேனாவைத் திறந்தார்.

“தெரியாது சீஃப்” என்றேன். “போடுங்க.”

டெலியா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எனக்கும் தெரியாது” என்றாள்.

மூன்று நிமிஷமும் உதட்டை அசைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.