இரவல் விளக்கும் உம்முடைய பூட்டும்

வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் பின்நேரம் நாலு மணிக்கு உளுந்து வடை எண்ணெய்க்குள் விழும் வாசனை உமக்குத் தெரியும். கொழும்புக் காலி வீதியில் அந்த வாசனை மூக்கில் பட்டால் போதும், என்னுடைய கை இப்போது தானாகவே கைப்பைக்குள் போய்ப் போனை எடுக்கிறது. நம்முடைய வழக்கமான கடைக்குள் நுழைந்து, ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு, அந்தக் கடையின் இலவச வைஃபையில் உம்முடைய மரண அறிவித்தலைத் திறந்து பார்க்கிறேன். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதைப் போல நான் இதைத் தவறாமல் செய்கிறேன். இன்றும் செய்தேன். இன்றும் நாங்கள்தான் வென்றோம்.

காப்புறுதி அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த காலத்திலேயே நாங்கள் "நீர்" போட்டுத்தான் கதைப்போம். ஓய்வு பெற்ற கையோடு ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தை இரண்டு பேருமாக ஏற்றுக்கொண்டோம். எழுதுவது நான், கணினியோடு மல்லுக்கட்டுவது நீர். திருவிழாப் படம், ஒன்றுகூடல் செய்தி என்று எவ்வளவு போட்டாலும் சனம் வருவது மரண அறிவித்தல் பார்க்கத்தான் என்று இருவருக்கும் தெரியும். கனடாவில் விடிந்ததும் எங்கள் ஊர்ச் சனம் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அந்தச் சங்கக் கூட்டம் நினைவிருக்கிறதா? தளத்தைப் பூட்டுள்ள, https என்று தொடங்குகிற இணைப்புக்கு மாற்ற வேண்டும் என்று நீர் எழும்பிச் சொன்னீர். முகவரிக்குப் பக்கத்தில் "பாதுகாப்பற்றது" என்று வருவதை எல்லோருக்கும் காட்டினீர். தலைவர் சிரித்தார்.

"எங்களிட்ட களவெடுக்க என்ன பிள்ளை கிடக்கு? செத்தவீட்டுக்கும் பூட்டுப் போடுறதோ?"

"களவுக்கு மட்டுமே பூட்டு, ஐயா? நாங்கள் இப்ப செத்தவீட்டுச் செய்தியைப் போஸ்ட்காட்டில எழுதி அனுப்புறம். வழியில கைபடுற ஆரும் அதில எதையும் எழுதிச் சேர்க்கலாம். ஒட்டின கடிதமா அனுப்புவம் எண்டுறன்."

அப்போது உமக்கு ஆதரவாக நான் கை தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. பழைய இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும், ஒரு வீட்டுக்காரரின் பக்கம் காணாமல் போனாலும் பேச்சு வாங்குவது நான்தான் என்று பயந்தேன். பழைய முகவரியைத் தட்டினாலும் அது தானாகப் புதியதுக்குக் கொண்டுபோய் விடும் என்று நீர் விளங்கப்படுத்தினீர். நானோ, "திருவிழா முடியட்டும், பிறகு பாப்பம்" என்றேன். நீர் வாதாடவில்லை. செய்ய வேண்டிய வேலைகளை ஒழுங்காக எழுதி எனக்கு ஒரு மின்னஞ்சல் மட்டும் அனுப்பினீர். கோபத்தில் நான் அதைத் திறக்கவே இல்லை. திறந்து படித்து நீர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டால், "சொன்னனான்தானே" என்பீர். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

திருவிழா முடிந்தது. நீரும் போய்விட்டீர். காலையில் தேத்தண்ணி போட எழும்பினவர் அடுப்படியிலேயே சரிந்துவிட்டதாக உம்முடைய தங்கை அழைத்துச் சொன்னா. "கொட்டாஞ்சேனையை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று எத்தனையோ பேருக்குத் தட்டச்சு செய்த விரல்கள் அன்றைக்கு, உம்முடைய அறிவித்தலில் மட்டும், ஒவ்வொரு எழுத்தையும் தேடின.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் தங்கை மறுபடி அழைத்தா. குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, நீங்கள் இப்பிடிச் செய்வியள் எண்டு நான் நினைக்கேல்லை. என்ர அக்காவின்ர படத்துக்குக் கீழ சூது விளம்பரம் போட்டிருக்கிறியள்."

என்னுடைய கணினியில் அப்படி ஒன்றும் இல்லை. எங்கே பார்த்தா என்று கேட்டேன். வெள்ளவத்தையில், வடைக்கடையில், என்றா. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். அந்த வைஃபையில் திறந்தால், உம்முடைய படத்துக்குக் கீழே சக்கரம் மாதிரி ஒரு சில்லு பல நிறத்தில் சுழல்கிறது. "சுழற்றுங்கள், வெல்லுங்கள்!" அலுவலகத்தில் ஒரு சுவீப் லொத்தர் டிக்கெட்கூட எடுக்காத மனுசி நீர்.

கடைக்கார அண்ணன் மலையகத்து ஹட்டன் பக்கத்து ஆள், நல்ல மனுசன். பாவம், அவர் பதறிப்போனார். "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க அக்கா. ஃப்ரீன்னு சொல்லி மாட்டிட்டுப் போனாங்க. வெளம்பரம் வரும்னு யாரும் சொல்லலீங்க."

போஸ்ட்காட். வழியில் கைபட்டவன் எழுதிச் சேர்த்துவிட்டான். அதையும் உம்முடைய முகத்துக்குக் கீழேயே சேர்த்துவிட்டான். அந்தக் கடையில் இருந்தே தங்கைக்கு அழைத்து, "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னம் இதை நான் மாத்துறன், இது என்ர பொறுப்பு" என்றேன். அவ போனை வைத்துவிட்டா.

வீட்டுக்கு வந்து உம்முடைய மின்னஞ்சலைத் திறந்தேன். எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்! எங்கே போவது, எதை அழுத்துவது, முதலில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுப்பது. பூட்டுச் சான்றிதழ் எடுக்கிற வேலை ஒரு பின்நேரத்தில் முடிந்தது. இதற்காகவா ஒரு வருசம் தள்ளிப்போட்டேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டு முடிக்கமுன் தலைவர் அழைத்துவிட்டார்.

"பிள்ளை, எல்லாற்ற விளக்கும் நூந்துபோச்சு! சனம் வெளிநாட்டில இருந்து கோல் எடுத்துக் கத்துது. ஒருத்தி அழுகிறாள், அப்பாவின்ர விளக்கு நூந்திட்டுதாம்."

ஒவ்வொரு அறிவித்தலிலும் படத்துக்கு இரண்டு பக்கமும் எரியும் அந்தக் குத்துவிளக்குகள் போய்விட்டன. செத்தவீட்டில் வைத்த விளக்கை முப்பத்தொரு நாளும் நூராமல், அணையாமல் காக்கிற சனத்துக்கு இது சின்ன விசயமா? உம்முடைய மின்னஞ்சலின் கடைசி வரியைப் பார்த்தேன். "விளக்கு எங்கட இல்லை, அதை முதல் பாரும்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருசத்துக்கு முன், வடிவாக இருக்கிறது என்று யாரோ ஒருவருடைய தளத்தில் எரிந்த விளக்கின் முகவரியை எடுத்து, எங்கள் பக்கங்களில் ஒட்டியது நான். படம் எங்களிடம் இருக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் பூட்டில்லாத அந்த இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பூட்டுள்ள வீட்டுக்குள் அதை இணைய உலாவி நுழையவிடவில்லை. அத்தனை வருசமும் எங்கள் பெரியவர்களுக்கு இரவல் விளக்கைத்தான் ஏற்றியிருக்கிறேன்.

சொந்த விளக்கு வேண்டும். எங்கே எரிகிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையே கொட்டாஞ்சேனைக்கு, உம்முடைய வீட்டுக்குப் போனேன். தங்கை கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டா. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் கை தூக்காததையும், மின்னஞ்சலைத் திறக்காததையும்கூட.

அவ விலகி வழிவிட்டா. பிறகு, "என்ர அக்கா உங்களைப் பற்றிச் சொல்லுறவ. கடைசியில செய்வா, ஆனால் ஒருக்கா மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் செய்வா எண்டு" என்றா. அதைக் கேட்டு அழுதேன். சிரிப்பும் வந்தது.

உம்முடைய படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை என்னுடைய போனில் சின்ன வீடியோவாகப் பிடித்தோம். அவ எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டினா. சுடர் ஒருமுறை ஆடி நிமிர்ந்தது. அந்த ஆட்டத்தோடேயே அதைத் தளத்தில் ஏற்றினேன். ஒரே கட்டளையில் எல்லாப் பக்கத்திலும் மாற்ற எனக்குத் தெரியாது. ஆகவே அவ ஒவ்வொரு பெயராக வாசிக்க, நான் ஒவ்வொரு பக்கமாக மாற்றினேன். நாள் நாளாக, மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொண்டு. இருபத்தொன்பதாம் நாள் கடைசிப் பக்கம் முடிந்தது. பழைய முகவரிகளையும் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. நீர் சொன்னபடியே ஒவ்வொன்றும் புதிய இடத்துக்குப் போய் நின்றது.

அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்நேரம் தங்கையும் தலைவரும் நானும் அதே கடையில், அதே மேசையில் இருந்தோம். கடைக்கார அண்ணனிடம் வைஃபையை நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். அது நன்றாக ஓடட்டும், நேருக்கு நேர் பார்ப்போம். உம்முடைய பக்கத்தைத் திறந்தேன். படம் வந்தது. இரண்டு பக்கமும் விளக்கு வந்தது. கீழே, சில்லுச் சுழன்ற இடத்தில், வெறும் வெள்ளை. தங்கை மறுபடி திறந்தா. தலைவர் தன்னுடைய போனிலும் திறந்தார். வெள்ளைதான்.

"எங்க, இப்ப சுழற்று பாப்பம்!" என்று சுவரில் மாட்டியிருந்த அந்த வைஃபைப் பெட்டியைப் பார்த்து நான் கத்தினேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலைவர் எழும்பி, இருந்த எல்லோருக்கும் வடை சொன்னார். வாழ்க்கையில் அவர் அப்படிச் சொல்லி நான் கண்டதில்லை.

இப்போது எங்கள் ஊரில் யார் போனாலும், அவர்களுக்கு இரண்டு பக்கமும் எரிவது உம்முடைய வீட்டு விளக்கு. திரி தூண்டியபோது ஆடிய அந்த ஒரு ஆட்டம் எல்லோருடைய பக்கத்திலும் இருக்கிறது. "பிறகு பாப்பம்" என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். வாய்வரை வந்தால் போனை எடுத்து உம்முடைய பக்கத்தைத் திறக்கிறேன்.

இன்றும் பிளேன்டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் நீர் என்ன சொல்லியிருப்பீர் என்று எனக்குத் தெரியும். ஒரு வருசமாகக் கேட்கப் பயந்த அந்தச் சொல்லுக்கு வாய்விட்டே மறுமொழி சொன்னேன்.

"ஓம், சொன்னனீர்தான்."