என் கையெழுத்துக்குக் கிடைத்த ஸ்டார்

அன்பு மகள் பிரவீணாவுக்கு, வில்லியனூரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மகள் யாமினியும் உடம்புக்கு நலம், மனசுக்கு யாரும் நலமில்லை. லியோனில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாதியில் கட் பண்ணுவாய், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முழுசாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா பிள்ளையிடம் ஆசையாக என்னமோ கேட்டார்கள். இவள் எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க பிரெஞ்சில் ஒப்பித்தாள். பார்த்தியா நம்ம வூட்டு வெள்ளைக்காரியை என்று உன் அம்மாவிடம் பெருமை பேசினேன். அந்த அம்மா கேட்டது பெயரை, இவள் ஒப்பித்தது காய்கறிக் கடைப் பாடத்தை, கடைக்காரன் பேச்சும் இவளே வாங்குகிறவன் பேச்சும் இவளே என்று நீ சொன்ன பிறகுதான் விளங்கியது. உடனே நீ, ரெண்டு வருசமா இன்னாதான்டி படிச்ச, நீ இன்னாப்பா பாத்துக்கினு இருந்த என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். பிள்ளை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் தீவனக் கடையைப் பூட்டிவிட்டு மூலக்குளத்துக்கு, அவள் பள்ளிக்கூடத்துக்கே போனேன். ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு என்று வாசலில் இவ்வளவு பெரிய போர்டு. உள்ளே விசாரித்தால் பிரெஞ்சு வாத்தியார் ஆயுத பூஜைக்கு முன்னாடியே நின்றுவிட்டாராம். அவர் இருந்தவரை மனப்பாடம், அதற்கப்புறம் கம்ப்யூட்டர் மிஸ் சுவேதா போனைப் பார்த்து போர்டில் எழுதிப் போடும், பிள்ளைகள் காப்பி அடிக்கும். எனக்கே ஒரு எழுத்து தெரியாது சார், எழுதலன்னா என்னைத் திட்றாங்க என்று அந்தப் பெண் கண் கலங்கிவிட்டது. கரஸ்பாண்டென்ட்டோ காபி வரவழைத்து, உங்க பேத்தி பிரெஞ்சுல தொண்ணூத்தெட்டு மார்க் எடுத்துக்குது, இன்னா சார் கொறை என்றார். காபியைக் குடித்துவிட்டுத்தான் கத்தினேன், வெறும் வயிற்றில் எனக்குக் கத்த வராது. பொங்கல் சமயம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததே, நோட்டு முடிக்கலன்னா அடிப்பாங்க என்று அழுததால் அவள் சிநேகிதி நோட்டைப் பார்த்து ஆறு பக்கம் நான்தான் கோலம் மாதிரி இழுத்து வைத்தேன். ஆறுக்கும் ஸ்டார். அதில் சாப்பாடு எழுதியிருக்கிறதா சாணி எழுதியிருக்கிறதா என்று எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது, பத்தாவது ஃபெயிலான எனக்கே ஸ்டார் என்றால் அந்த வாத்தியார் வேலையை எனக்கே குடுத்துடுங்க என்றேன். சிரிக்கிறார் பிரவீணா! முப்பது சின்னப் பிள்ளைகளின் நாட்களை வீணடித்துவிட்டு அந்த ஆள் சிரிக்கிறார்.

அதற்காக நான் யோக்கியன் இல்லை. அந்த நோட்டில் தினமும் கையெழுத்துப் போட்டவன் நான். தவிட்டு மூட்டையைக் குத்தூசி போட்டு உள்ளே இருப்பதைப் பார்க்காமல் இறக்கமாட்டேன், பேத்தியிடம் ஒரு நாளாவது இதுக்கு இன்னா அர்த்தம்மா என்று கேட்டேனா?

ஆனால் உன்மேலும் கோபம்தான். கட்டிலுக்கடியிலிருந்து பிள்ளை என்ன கேட்டது தெரியுமா? தாத்தா, அங்க கிளாஸ்ல ஒன்னுக்கு வந்தா இன்னான்னு சொல்லணும், எனக்குத் தெரியாது, நான் வரமாட்டேன். நம்மூர்த் தேர்த் திருவிழா முடிந்ததும் உன்னிடம் வர விமானம் ஏற வேண்டிய பிள்ளை. இதைப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை, மூன்று வருஷமாக அங்கேயே பேசிப் பிழைக்கிற நீயும் சொல்லித் தரவில்லை. நீ போன புதிதில் ரொட்டிக் கடையில் விரலை நீட்டித்தானே வாங்கினாய், யாராவது உன்னைப் பார்த்துக் கத்தினார்களா? உன் மத்தியானச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். தினமும் பத்து நிமிஷம் கூப்பிடு. ஒப்பிக்கச் சொல்லாதே. ஒன்னுக்கு, தண்ணி, வயிறு வலிக்குது, எங்கம்மாவைக் கூப்பிடுங்க, இதுதான் முதல் பாடம். நானும் பக்கத்தில் உட்காருகிறேன். முதலில் என்னைக் கேள், தப்பாகத்தான் சொல்வேன், பிள்ளை சிரிக்கும், சிரித்த வாயால் தானே சொல்லும். பிள்ளையைக் கேட்டுப் பார்த்தேன், அதற்கு மட்டும் தலையாட்டியிருக்கிறாள்.

நேற்றும் நோட்டு வந்தது. கையெழுத்துப் போடாமல், இது பார்த்து எழுதியது, படித்ததல்ல என்று கீழே தமிழில் எழுதி அனுப்பினேன். இன்றைக்கு அதற்கும் ஸ்டார் போட்டு வந்திருக்கிறது.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க உன் அம்மா நம்மூர்க் கோயில் கோகிலாம்பாளை வேண்டிக்கொள்கிறாள், என் ஆசியும் கூடவே. நாளை சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பக்கத்தில் காத்திருப்போம். கத்தாதே.

இப்படிக்கு,
ஏழு ஸ்டார் வாங்கிய உன் அப்பா,
கோவிந்தராஜ்